இறக்கைக்குள் எத்தனை நாழிகை?

சேலத்தை அடுத்த காமலாபுரம் விமான நிலையத்தையும் நெய்வேலி விமானத் தளத்தையும் தேசப்படத்தில் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பார்த்தால், அந்தக் கோடு கல்வராயன் மலையின் தென்கோடியைக் கடந்து, கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு மேலாக வந்து, உளுந்தூர்பேட்டைக்கும் மங்கலம்பேட்டைக்கும் ஏறக்குறைய நடுவே புகுந்து கிழக்கே செல்வதைக் காணலாம். தூரம் சுமார் 160 கிலோமீட்டர். பஸ்ஸில் போகிறவனுக்கு அது அரைநாள் அலைச்சல். செஸ்னா 172 என்னும் நான்கு பேர் அமரும் சிறு விமானத்தை ஓட்டுகிறவனுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாத உல்லாசம். அந்த ஒரு மணி நேரத்துக்குள், மங்கலம்பேட்டைக்கு மேலே, விமானத்தின் ஒரே யந்திரம் நின்றுபோனால் என்ன ஆகும், அது ஏன் நிற்கிறது, நிற்காமலிருக்கத் தரையிலேயே செய்திருக்க வேண்டிய கணக்கு எது என்பவையே இந்தக் கட்டுரையின் விஷயம்.

நெல்லும் கரும்பும் முந்திரியும் விளைகிற சீமையில் விமானத்தின் பெட்ரோல் கணக்கு யாருக்கு வேண்டும் என்று வாசகர் கேட்கக்கூடும். 2025-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி வரையில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூர்க்காரர்களும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள். அன்று சேலத்திலிருந்து புறப்பட்டு வந்த ஒரு சிறு பயிற்சி விமானம், கீரனூரை அடுத்த அம்மாச்சத்திரத்தின் பக்கத்தில், லாரியும் பஸ்ஸும் இடையறாது ஓடுகிற திருச்சி–புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையிலேயே இறங்கி நின்றது. முன்பகுதி சேதமுற்றதே தவிர, உள்ளே இருந்த இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். யந்திரக் கோளாறு என்று அன்றைய செய்திகள் கூறின. கூடிய ஜனங்கள் தெய்வ சங்கல்பம் என்றார்கள். அதை மறுப்பதற்கு நான் துணியமாட்டேன். ஆனால் தெய்வத்துக்கு அன்று உதவியாக இருந்தது, யந்திரம் ஓய்ந்த பிறகும் கை நடுங்காமல் விமானத்தைப் பறக்க வைத்துக்கொண்டே இடம் தேடிய பயிற்சி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் விமானம் ஓட்டக் கற்பிக்கும் பள்ளிகள் பெருகி வருகிற காலம் இது. இனி இத்தகைய சிறகுகள் நம் வயல்களுக்கு மேலே அடிக்கடி செல்லும்; அவற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பதில் நஷ்டமில்லை.

முதலில் ஒரு பிரமையைக் கலைக்க வேண்டும். யந்திரம் நின்றவுடன் விமானம் கிணற்றில் எறிந்த கல்லைப்போலத் தலைகீழாக விழுந்துவிடும் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படியன்று. விமானத்தைத் தாங்குவது யந்திரமல்ல, இறக்கை. இறக்கைக்கு வேண்டியது முன்னோக்கிய வேகம். யந்திரம் ஓய்ந்தபின் அந்த வேகத்தை உயரத்தை விற்று வாங்கிக்கொள்ளலாம். செஸ்னா 172 போன்ற விமானம், மூக்கைச் சற்றே தாழ்த்தி, மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தைக் காத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் ஒன்பது கிலோமீட்டர் முன்னே சென்றுவிடும். ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவனுக்கு நாலரை நிமிஷம் அவகாசம் உண்டு என்று அர்த்தம். பதற்றத்தில் மூக்கை மேலே தூக்கி உயரத்தைப் பிடித்துவைக்க முயல்கிறவன்தான் வேகத்தை இழந்து, இறக்கை காற்றைப் பற்றும் சக்தியை இழந்து, சுழன்று விழுகிறான். இவ்வகை விபத்துகளில் உயிரைக் கொள்வது யந்திரம் நின்றதைவிட, நின்ற பிறகு செய்த அந்தக் காரியமே.

இனி, யந்திரம் ஏன் நிற்கிறது? காற்று, எரிபொருள், தீப்பொறி என்ற மூன்றும் கூடினால் அது ஓடும். ஒன்று குறைந்தாலும் ஓயும். தண்டு முறிவதும், எண்ணெய் ஒழுகி உள்ளுறுப்புகள் இறுகிப்போவதும் நடக்காமலில்லை. ஆயினும், யந்திரத்தின் மேல் குற்றமே இல்லாமல் அது நிற்கிற சந்தர்ப்பங்கள் வெட்கப்படத்தக்க அளவுக்கு அதிகம். சிறு விமானங்கள் மிகுதியாகப் பறக்கும் அமெரிக்காவில், தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 முதல் 2015 வரையிலான விபத்துகளை ஆராய்ந்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. எரிபொருளைச் சரியாக நிர்வகிக்காததால் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கு மேற்பட்ட விபத்துகள் நேர்ந்தன. அவற்றுள் நூற்றுக்கு 95-இல் விமானியின் பிழைக்குப் பங்கிருந்தது. கருவிகளின் குறை வெறும் 5. இன்னும் வியப்பானது, அந்த விமானிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் தொழில்முறை உரிமம் பெற்ற அனுபவசாலிகள். மாணவர்களோ நூற்றுக்கு 2 பேர்தான். மாணவன் பயந்து டேங்கின் மூடியைத் திறந்து அளவுகோலை விட்டுப் பார்க்கிறான். அனுபவசாலி, நேற்றுத்தானே நிரப்பினோம் என்று கிளம்பிவிடுகிறான்.

பெட்ரோல் இல்லாமல் யந்திரம் நிற்பதிலும் இரண்டு விதம் உண்டு. விமானத்தில் ஒரு சொட்டும் மிச்சமின்றித் தீர்ந்துபோவது ஒன்று. டேங்கில் பெட்ரோல் இருந்தும் அது யந்திரத்தை வந்தடையாமற்போவது மற்றொன்று. முன்னது நூற்றுக்கு 56, பின்னது 35 என்று அதே வாரியம் கணக்கிட்டது. பின்னதைப் பழைய புல்லட் வைத்திருந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்: வண்டி திடீரென்று இருமி நிற்கும், கீழே கையை விட்டுக் குழாய்த் திருகை ரிசர்வுக்குத் திருப்பினால் மறுபடியும் ஓடும். விமானத்தில் பெட்ரோல் இருப்பது இரண்டு இறக்கைகளுக்குள். இறக்கை மேலே அமைந்த செஸ்னாவில் இரண்டு டேங்குகளிலிருந்தும் ஒருங்கே தானாக வடிந்து வரும்படி திருகை வைத்துவிடலாம். இறக்கை கீழே அமைந்த பைப்பர் முதலான விமானங்களில், இடது டேங்கு சிறிது நேரம், வலது டேங்கு சிறிது நேரம் என்று விமானியே கடிகாரத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். மறந்தால், ஒரு பக்கம் பாதி டேங்கு பெட்ரோலைச் சுமந்துகொண்டே மறுபக்கம் வறண்டு யந்திரம் நின்றுவிடும்.

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12-ஆம் தேதி கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தது இவ்வகையில் சேர்ந்தது. அவர் புதிதாக வாங்கியிருந்த லாங்-ஈஸி என்ற சிறு விமானம் வீட்டிலேயே கட்டப்படும் இனத்தைச் சேர்ந்தது. வடிவமைத்தவர் விமானியின் கால்களுக்கிடையே வைக்கச் சொன்ன பெட்ரோல் திருகை, கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். அதைத் திருப்ப வேண்டுமென்றால் ஓட்டுகிற கையை விட்டுவிட்டு உடம்பையே முறுக்க வேண்டும். முறுக்கும்போது கால் தன்னையறியாமல் சுக்கான் மிதியை அழுத்தும். புறப்படுமுன் பெட்ரோல் போடட்டுமா என்று கேட்டதற்கு, சுமார் ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர் அவர். திருகு இருந்த இடம் பிசகு என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்; பெட்ரோல் குறைவாக இருந்தும் புறப்பட்டதையும் எழுதினார்கள். இரண்டில் எதை முதலில் சொல்வது என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். டேங்கு நிறைந்திருந்தால் அந்தத் திருகைத் தொட வேண்டிய அவசியமே அன்று வந்திராது.

விமானிகள் பெட்ரோலை லிட்டரில் வாங்கினாலும், மனத்துக்குள் அதை நேரமாகவே வைத்துக்கொள்கிறார்கள். இறக்கைக்குள் இத்தனை மணி, இத்தனை நிமிஷம் இருக்கிறது என்பதே அவர்களுடைய பேச்சு. லிட்டர் மாறாதது, நேரமோ காற்றையும் உயரத்தையும் விமானியின் கைப்பழக்கத்தையும் பொறுத்துச் சுருங்கும். உயரே போகப்போகக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்றுக்கேற்பப் பெட்ரோலையும் குறைத்துவிட ஒரு பிடி உண்டு. அதை இழுத்துச் சரிசெய்யச் சோம்பல்படுகிறவனுடைய யந்திரம் புத்தகத்தில் எழுதியிருப்பதைவிட அதிகமாகவே குடிக்கும். ஆகையால், புத்தகத்தில் ஐந்து மணி நேரம் என்றிருப்பதை அப்படியே நம்புகிறவன், உற்பத்திச்சாலையின் புதிய யந்திரத்தையும் சோதனை விமானியின் தேர்ந்த கையையும் தன்னுடையவை என்று நினைத்துக்கொள்கிறான்.

மேலே சொன்ன சேலம்–நெய்வேலிப் பயணத்தையே எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். விமானத்தின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், காற்றில்லாத நாளில் போக 48 நிமிஷம், வர 48 நிமிஷம், ஆக 96. இனி ஆடி மாதத்து மேல்காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்போம். போகும்போது அது முதுகைத் தள்ளும்; 40 நிமிஷத்தில் நெய்வேலி. ஆஹா, எட்டு நிமிஷம் லாபம் என்று மகிழ்ந்துபோய் இருந்தால், திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறைந்து, முழுதாக ஒரு மணி நேரம் வாங்கிவிடும். ஆக 100 நிமிஷம். வரவில் கொடுத்த எட்டைச் செலவில் பன்னிரண்டாகப் பிடுங்கிக்கொள்கிறது காற்று. முதுகில் தள்ளும்போது நாம் அதன் தயவில் இருப்பது குறைந்த நேரம். முகத்தில் அறையும்போது அதனிடம் அடிபடுவது கூடுதல் நேரம். பள்ளிக்கூடத்துப் பையன்கூடப் போடக்கூடிய இந்தக் கணக்கு, மேலே போனபின் பெரியவர்களுக்கு மறந்துவிடுகிறது.

இந்த விமானம் மணிக்குச் சுமார் 35 லிட்டர் குடிக்கும். நூறு நிமிஷத்துக்கு 58 லிட்டர். யந்திரத்தைச் சூடாக்கவும், தரையில் ஊர்ந்து செல்லவும், இரண்டு முறை உயரம் ஏறவும் ஒரு 12. சேலத்துக்குத் திரும்பி வரும் சமயத்தில் மழை மூடிக்கொண்டோ, ஓடுதளத்தில் வேறு விமானம் டயர் வெடித்து நின்றுகொண்டோ இருந்தால், 130 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள திருச்சிக்குப் போக 23. சர்வதேச விதிப்படி, கண்ணால் பார்த்துப் பறக்கும் பகற்பயணத்தில் எல்லாம் முடிந்த பிறகும் அரைமணி நேரத்துப் பெட்ரோல் டேங்கில் மிச்சமிருக்க வேண்டும். இரவென்றால் முக்கால் மணி. பகலுக்கு 18 லிட்டர் வைப்போம். எதிர்பாராத வளைவு சுற்றுகளுக்குப் பயணச் செலவில் பத்தில் ஒரு பங்கு, 6. கூட்டினால் 117 லிட்டர். நூறு நிமிஷப் பயணத்துக்கு 58 லிட்டர் போதும் என்று நினைத்தவன், அதைப்போல் இரண்டு மடங்கு எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

டேங்கு கொள்வது சுமார் 200 லிட்டராயிற்றே, நிரப்பிக்கொண்டு போனால் தொல்லை விட்டதே என்று தோன்றும். இங்கேதான் சிறு விமானத்தின் சங்கடம் இருக்கிறது. ஆளும் மூட்டையும் பெட்ரோலும் சேர்ந்து இந்த விமானம் தூக்கக்கூடியது ஏறத்தாழ 390 கிலோ. லிட்டருக்கு 720 கிராம் வீதம் முழு டேங்கு பெட்ரோல் 144 கிலோ எடை. நான்கு இருக்கை இருக்கிறதென்று, ஆளுக்கு 75 கிலோ வீதம் நான்கு பேர் ஏறினால் 300 கிலோ போயிற்று. மிச்சம் 90 கிலோ. அதாவது 125 லிட்டர். நமக்கு வேண்டியதோ 117. இடையிலுள்ள எட்டு லிட்டர், கால்மணி நேரத்துக்கும் குறைவு. நான்காவது ஆள் மடியில் ஒரு பலகாரக் கூடையோடு ஏறினால் அதுவும் கரையும். நான்கு இருக்கை, முழு டேங்கு, சாமான் என்ற மூன்றும் ஒருங்கே கிடைக்கும் சிறு விமானம் அபூர்வம். யாரை இறக்கிவிடுவது என்று சொல்லக் கூச்சப்பட்டு, பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும் தாட்சண்யம் இருக்கிறதே, அதைப்போல் ஆபத்தானது வேறொன்றுமில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து வைக்கிற தைரியம் விமானிக்கு வேண்டும்.

பெரிய விமானங்களிலும் இந்தக் கணக்கு தப்பியிருக்கிறது. 2016 நவம்பர் 28-ஆம் தேதி, பிரேசிலின் சபிகோயென்சே கால்பந்துக் குழுவினரை ஏற்றிக்கொண்டு பொலிவியாவிலிருந்து கொலம்பியாவின் மெடலின் நகருக்குச் சென்ற விமானம், ஊரை நெருங்கிய நிலையில் எரிபொருள் தீர்ந்து மலையில் விழுந்தது. 77 பேரில் 71 பேர் இறந்தார்கள். அதன் பயணத் திட்டத் தாளில், போய்ச்சேர வேண்டிய நேரம் 4 மணி 22 நிமிஷம் என்றும், டேங்கிலுள்ள எரிபொருள் தாங்கும் நேரம் 4 மணி 22 நிமிஷம் என்றும் எழுதியிருந்தது. வரவும் செலவும் ஒன்றாயிருந்த அந்தத் தாள்தான் விபத்து. மற்றது அதன் நிறைவேற்றம்.

கானடாவில் 1983 ஜூலை 23-ஆம் தேதி நடந்தது வேறு மாதிரி. அளவு காட்டும் கருவி பழுதுபட்டிருந்ததால், கோல் விட்டு அளந்து கையால் கணக்கிட்டார்கள். கிலோவில் போட வேண்டிய பெருக்கலைப் பழைய பழக்கத்தில் பவுண்டில் போட்டுவிட்டார்கள். 22,300 கிலோ வேண்டிய போயிங் 767, 22,300 பவுண்டோடு, பாதிக்கும் குறைவான எரிபொருளோடு, 41,000 அடி உயரத்துக்கு ஏறிவிட்டது. இரண்டு யந்திரமும் ஓய்ந்தன. காப்டன் பியர்சன் யந்திரமில்லாத கிளைடர் ஓட்டிப் பழகியவர். துணை விமானி குவின்டால், ஜிம்லி என்ற ஊரில் விமானப்படை கைவிட்ட பழைய தளத்தில் ஒரு காலத்தில் பணியாற்றியவர். அந்த ஓடுதளம் அவர் நினைவுக்கு வந்தது. அது இப்போது கார்ப்பந்தய மைதானமாகிவிட்டது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. பந்தயம் பார்க்க வந்து குடும்பத்தோடு கூடாரம் அடித்திருந்தவர்களின் கண்ணெதிரே அந்தப் பெரிய விமானம் சத்தமில்லாமல் வந்து இறங்கிற்று. 69 பேரும் பிழைத்தார்கள். கைவிடப்பட்ட ஒரு போர்க்காலத் தளத்தின் உபயோகம் இன்னதென்று ஜிம்லி காட்டியது. நம் பக்கத்திலும் அப்படி ஒன்று இருப்பதால் அதற்குப் பிறகு வருகிறேன்.

பெட்ரோல் கிடைக்கும் இடத்தைப் பொறுத்துப் பயணம் அமைவது இந்தத் தேசத்து விமான சரித்திரத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து புஸ் மாத் விமானத்தில் கிளம்பியபோது, வழியில் ஆமதாபாத்தில் பர்மா ஷெல் கம்பெனியின் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. பம்பாயிலிருந்து அதே தபாலை நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். இன்றும் சிறு விமானத்துக்குரிய பெட்ரோல் எல்லா விமான நிலையத்திலும் கிடைப்பதன்று. பெரிய விமானங்கள் குடிப்பது மண்ணெண்ணெய் இனம். அதைச் சிறு யந்திரத்தில் ஊற்றினால் மேலே ஏறும்போதே யந்திரம் பாழாகும். அடையாளத்துக்காகவே சிறு விமானப் பெட்ரோலுக்கு நீல நிறம் ஏற்றியிருக்கிறார்கள். அந்த நீலப் பெட்ரோலை இந்தியா வெகுகாலம் வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொண்டிருந்தது. 2022-இல்தான் இந்தியன் ஆயில் தன் வடோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரிக்கத் தொடங்கிற்று. ஆகவே, அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சு, போய்ச்சேருமுன் தொலைபேசியில் விசாரித்து உறுதி செய்யாதவரை வெறும் ஆசைதான்.

டேங்கில் வேண்டிய பெட்ரோல் இருந்தாலும் வஞ்சகம் செய்கிற இரண்டு உண்டு, இரண்டும் நீர். பாதி டேங்கோடு இரவில் வெளியே நிற்கும் விமானத்தில், மீதிப் பாதியிலுள்ள ஈரக்காற்று குளிர்ந்து நீர்த்துளியாகி அடியில் தங்கும். காலையில் புறப்படுமுன், இறக்கைக்கு அடியிலுள்ள வடிகுழாயில் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்துப் பிடித்து, நீலத்துக்கு அடியில் நிறமற்ற ஒரு குமிழி நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது இதற்காகவே. மற்றொன்று பனிக்கட்டி. நம் ஊர் வெயிலில் பனிக்கட்டியா என்று சிரிக்கலாம். பழைய மாதிரி யந்திரங்களில் கார்புரேட்டர் என்ற உறுப்பின் குறுகிய கழுத்து வழியே காற்று பாயும்போதும், பெட்ரோல் ஆவியாகும்போதும் உள்ளே வெப்பம் மளமளவென்று முப்பது டிகிரிவரைகூட இறங்கும். கடலோர மாவட்டத்து மார்கழிக் காலையில், வெளியே 22 டிகிரி வெப்பமும் காற்றில் ததும்பும் ஈரமும் கூடிய அந்த இனிய வேளைதான் இதற்கு உகந்தது. கழுத்தில் பனி படிந்து காற்றின் வழியை மெல்ல மெல்ல அடைக்கிறது, யந்திரம் சோர்கிறது, காரணம் தெரியாத விமானி பெட்ரோல் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். சூடான காற்றை உள்ளே திருப்பும் ஒரு பிடியை இழுத்து வைத்தால் தெளிந்துவிடும். கடலூர், விருத்தாசலப் பக்கத்து ஆகாயம் ஐரோப்பாவைவிட இந்த விஷயத்தில் சாது என்று எண்ணுவது தவறு.

தீப்பொறிக்கு வருவோம், அதில் விருத்தாசலத்துக்காரர்கள் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடைத்த வெண்களிமண்ணும், பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பப் பள்ளியும் சேர்ந்து இந்த ஊருக்கு ஒரு கைத்தொழிலைக் கொடுத்தன. கொலுப் பொம்மையும் ஊறுகாய் ஜாடியும் மட்டுமல்ல, வீட்டு மின்சாரப் பலகையில் இருக்கும் பீஸ் கேரியரும், கம்பத்து இன்சுலேட்டரும் இங்கே சூளையில் வெந்து வருகின்றன. மின்சாரத்தைத் தன் வழியே தப்பவிடாமல், சூட்டுக்கும் அசையாமல் நிற்பது பீங்கானின் குணம். ஸ்பார்க் பிளக்கின் நடுவே வெள்ளையாகத் தெரிகிற தண்டும் அந்தக் குலத்தைச் சேர்ந்த அலுமினாப் பீங்கானே. அதில் மயிரிழை அளவு கீறல் விழுந்தாலும் மின்சாரம் அந்த வழியே ஒழுகிவிடும், பொறி பறக்காது. ஆகையால், கைதவறித் தரையில் விழுந்த பிளக்கை, பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், விமான மெக்கானிக் பிறகு மாட்டுவதில்லை. சூளையிலிருந்து எடுத்த சாமானைத் தட்டிப் பார்த்து ஓசையிலேயே விரிசலைக் கண்டுபிடிக்கும் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதனாலேயே விமான யந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். அவற்றுக்கு மின்சாரம் தர, ஒன்றை ஒன்று சாராத இரண்டு மேக்னெட்டோ. மேலே கிளம்புமுன் ஓடுதள ஓரத்தில் நின்று யந்திரத்தை உறும விட்டு, ஒரு மேக்னெட்டோவை நிறுத்திப் பார்த்து, பிறகு மற்றதை நிறுத்திப் பார்க்கிறார்கள். 1930-இல், இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் 500 பவுன் பரிசு அறிவித்திருந்தபோது, ஆஸ்பி எஞ்சினியர் என்ற பதினேழு வயதுப் பிள்ளை இங்கிலாந்திலிருந்தும் டாடா கராச்சியிலிருந்தும் கிளம்பினார்கள். எகிப்தில் அபூகீர் தளத்தில் டாடா வந்திறங்கியபோது, பிளக் கிடைக்காமல் ஆஸ்பி தவித்துக்கொண்டிருந்தார். போட்டியாளர் என்று பாராமல் டாடா தம்மிடமிருந்த உபரி பிளக்கைக் கொடுத்தார். ஆஸ்பி பரிசை வென்றார். பின்னாளில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார். டாடாவின் பெருந்தன்மையைப் பலரும் எழுதிவிட்டார்கள். உபரி பிளக்கை மறக்காமல் எடுத்து வந்த அவருடைய முன்னேற்பாட்டை யாரும் அவ்வளவாகப் புகழ்வதில்லை; எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

சரி, எல்லாம் செய்தும் மங்கலம்பேட்டைக்கு மேலே, ஒரு கிலோமீட்டர் உயரத்தில், யந்திரம் நின்றுவிட்டது. நாலரை நிமிஷம். முதலில் வேகத்தை நிலைநிறுத்த வேண்டும். அடுத்து இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இடத்தை நோக்கித் திரும்பிய பிறகே, பெட்ரோல் திருகு, கார்புரேட்டர்ச் சூடு, மேக்னெட்டோச் சாவி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து யந்திரத்தை எழுப்ப முயல வேண்டும். அதற்கும் பிறகே வானொலியில் மும்முறை மேடே என்று அபயக்குரல் கொடுப்பது. பேச்சு கடைசி; ஏனெனில் தரையில் இருப்பவர் யாரும் அந்த நிமிஷத்தில் அவனைத் தாங்கிப் பிடிக்கப்போவதில்லை.

இடமோ, வரைபடத்தில் தோன்றுவதுபோல் தாராளமாக இல்லை. தட்டையான பூமிதான், ஆனால் மார்கழியில் நெல்வயல் முழுதும் சேறு, சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. முந்திரித் தோப்பு மேலிருந்து பச்சைக் கம்பளமாகத் தெரிந்தாலும் உள்ளே கிளைகள் முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன. அறுவடை முடிந்து காய்ந்த வயலோ, மல்லாட்டை பிடுங்கிய கொல்லையோ கிடைத்தால் பாக்கியம். அங்கும் வரப்புக்கு இணையாக இறங்க வேண்டும், குறுக்கே அல்ல. சாலை கவர்ச்சியானது, ஆனால் புளியமரமும் வேகத்தடையும் மின்கம்பமும் உள்ள கிளைச்சாலையில் இறங்குவதைவிட வெறும் கொல்லை மேல். அக்காலத்து விமானிகள் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே ஊருக்கு ஊர் பறந்தார்கள்; விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து நாலாபுறமும் பிரியும் பாதை இன்றும் நல்ல வழிகாட்டிதான்; ஆனால் அதன் மேலே உயர்அழுத்த மின்கம்பி ஓடுவதால் பக்கத்தில் இறங்கலாகாது. எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம், நெய்வேலி அனல்மின் நிலையங்களிலிருந்து வயல்களின் மேலாகப் புறப்பட்டுச் செல்லும் மின்கோபுர வரிசைகள். கோபுரம் கண்ணுக்குத் தெரியும். கம்பி கடைசி நிமிஷம் வரையில் தெரியாது.

நெய்வேலித் தளம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால், எட்டாது. உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமைத்துப் பின்னர் கைவிட்ட ஓடுதளம் இருக்கிறது. மங்கலம்பேட்டையிலிருந்து சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒன்பதுதான் போக முடியும், கொஞ்சத்தில் தவறும். ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் வந்திருந்தால் போய்ச்சேரலாம். சேலத்தில் கிளம்பும்போது, இன்னும் ஐந்நூறு மீட்டர் ஏறுவானேன், பெட்ரோல் வீணாகும் என்று நினைத்தவன் இங்கே அதன் விலையைக் கொடுக்கிறான். ஏறுவதற்குச் செலவான பெட்ரோல் உயரமாக மாறி அவனோடேயே இருக்கிறது என்பதை அவன் எண்ணவில்லை.

அந்த ஓடுதளத்தைப் பற்றி ஒரு விண்ணப்பம் உண்டு. உளுந்தூர்பேட்டை, சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு என்று யுத்தம் விட்டுச்சென்ற தளங்கள் தமிழ்நாட்டில் சில இருக்கின்றன. பயணிகள் விமானம் வருமா, தொழிற்சாலை வருமா என்ற வாதம் ஒருபுறம் நடக்கட்டும். முடிவு எதுவானாலும், நடுவே ஓர் ஆயிரம் மீட்டர் நீளத்தையாவது கம்பமும் முள்வேலியும் கட்டடமும் இல்லாமல் திறந்து வைத்து, விமான வரைபடத்தில் அவசர இறங்குதளம் என்று குறித்துவிட்டால், அரசாங்கத்துக்கு ஆகும் செலவு சீமைக்கருவேலம் வெட்டும் கூலி மட்டுமே. பயிற்சிப் பள்ளிகளுக்கு அனுமதி தருகிற கையே இதையும் செய்யலாம்.

மங்கலம்பேட்டை வாசகருக்கும் ஒரு வார்த்தை. என்றேனும் உங்கள் கொல்லையில் ஒரு சிறு விமானம் இறங்கினால், அதன் இரண்டு இறக்கைகளுக்குள்ளும் பெட்ரோல் இருக்கிறது என்பதை மறவாதீர்கள். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் அருகே கூடாது. நின்றுபோன விசிறியைக் கையால் தொட்டுச் சுழற்றக் கூடாது. மேக்னெட்டோச் சாவி அணைக்கப்படாமலிருந்தால், தொட்ட மாத்திரத்தில் அது உயிர்பெற்றுக் கையை வெட்டிவிடும். உள்ளே இருப்பவர் தாமே வெளியேற முடியாமல் இருந்தால், விமானத்தின் முன்புறமாக அல்ல, வாலின் பக்கமிருந்து நெருங்கிக் கதவைத் திறந்து உதவுங்கள். வெளியே வந்துவிட்டால் அவரையும் அழைத்துக்கொண்டு நூறு கெஜம் தள்ளி நில்லுங்கள். செல்போனைப் படமெடுக்க வெளியே எடுக்குமுன், அதே போனில் 112-ஐ அழையுங்கள்.